‘இல்லி’ என்று சொன்ன குரல்

“…கன்னடத்துல கேட்டது யாரு? நீதானே! அப்ப நானும் கன்னடத்துலதானேப்பா பதில் சொல்லணும்? ‘யாராதரூ இத்தீரா’ன்னு கேட்ட. ‘இல்லி’ன்னேன். இங்க இருக்கேன்னு சொன்னேன். நீ அதை ‘இல்ல’ன்னு காதுல வாங்கிட்டு, படகைத் திருப்பிட்டுப் போயிட்ட. தமிழாளு ரெண்டு பேரு ஒருத்தருக்கொருத்தர் மரியாதையா கன்னடம் பேசப் போயி, நடுவுல என் உசுருல்ல போகப் பாத்துச்சு!”

சரோஜா அம்மா இதைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் மனைவி ஸ்டெல்லாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் மட்டும் காபி டம்ளரைப் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அதற்கு அடுத்து அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். அதைச் சொல்லத்தான் இந்தச் சாட்சியை எழுத உட்கார்ந்தேன். ஆனால் பாயசத்தை முதலில் ஊற்றிவிட்டுச் சோறு போட்டால் பந்தி ருசிக்காது. அதனால் முதலில் இருந்து வருகிறேன்.

என் பெயர் அருள்ராஜ். விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கொஞ்ச காலம் எங்கெங்கோ வேலை செய்து, கடைசியில் தீயணைப்புத் துறையில் சேர்ந்தேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேசித்தான் பழக்கம். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் உங்களோடு நின்று பேசுவதாக நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால், மாதா திருவிழா நவநாட்கள் நடந்துகொண்டிருந்த சமயம். பெங்களூரில் மழை என்றால் எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அந்த வருடத்து மழை விருந்தாளி போல வந்து வீட்டுக்காரன் போல உட்கார்ந்துவிட்டது. ஏரி ஒன்று நிரம்பி, அதற்குக் கீழே இருந்த லேஅவுட் முழுக்கத் தண்ணீர். கார்களின் கூரை மட்டும் ஆமை முதுகு மாதிரி தெரிந்தது. வீடு வீடாகப் போய் ஆட்களை வெளியேற்ற எங்கள் ஸ்டேஷனில் இருந்து ரப்பர் படகோடு காலையிலேயே போய்விட்டோம்.

எங்கள் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. ஆளுக்கொரு திசையில் போய்விட்டோம், ஆனாலும் நனைந்த காக்கித் துணியின் வாடை எங்கேயாவது வந்தால் அந்த நாட்கள் அப்படியே திரும்பி வந்து நிற்கும். அதிகாரி பசவராஜ் சார். அவர் தமிழ் பேசினால் பாதி கன்னடமாக இருக்கும்; நான் கன்னடம் பேசினால் பாதி தமிழாக இருக்கும்; இரண்டையும் கூட்டினால் ஒரு முழுப் பேச்சு தேறும். இன்னொருவர் மஞ்சுநாத். எங்களுக்கு மஞ்சண்ணா. ஆறடி ஆள், குரல் வெண்கலம். அவர் மூன்றாவது தெருவில் பேசினால் முதல் தெருவில் பதில் சொல்லலாம்.

பசவராஜ் சார் எங்களுக்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார். எந்த விபத்துக்குப் போனாலும், வேலை முடிந்ததும் டீயைக் கையில் கொடுத்துவிடுவார். ஆனால் குடிக்க விடமாட்டார். ஒவ்வொருவரும் அன்றைக்குக் கண்டதில், கேட்டதில், மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் டீ. இதற்குப் பெயர் ‘ஒந்து மாத்து’. கன்னடத்தில் மாத்து என்றால் பேச்சு. ஒரே ஒரு பேச்சு. அவ்வளவுதான்.

நான் அதைக் கேலி செய்தவன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

“சார், டீ ஆறுது. எனக்கு மனசுல இருக்கிறது வடை மட்டும்தான்” என்பேன்.

“அருள், நீ நகு. சிரி, பரவால்லே. ஆனா ஹோஸ்ல பிரஷர் ஏத்திட்டு வாயை மூடினா என்ன ஆகும்? நீயே ஹேளு, சொல்லு” என்பார்.

வெடிக்கும். அது எனக்குத் தெரியாதா? ஹோஸைப் பற்றித் தெரியும், என்னைப் பற்றித்தான் தெரியவில்லை.

அன்றைக்கு வேலை இப்படி நடந்தது. இன்ஜின் பிடிக்க ஓர் ஆள் படகின் பின்னால். முன்னால் நான். மஞ்சண்ணா மார்பளவு தண்ணீரில் இறங்கி வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்ப்பார். நான் முன்பக்கம் நின்று, “யாராதரூ இத்தீரா?” என்று கத்துவேன். யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம். பின்னால் இருந்து மஞ்சண்ணா, ஆள் இல்லை என்றால், “இல்ல!” என்பார், அல்லது சுற்றி வந்து கையை விரிப்பார். தமிழுக்கும் கன்னடத்துக்கும் அந்த ஒரு வார்த்தை பொது. உடனே நான் கேட்டில் ஒரு சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டுவேன். துணி கட்டிய வீடு பார்த்து முடித்த வீடு. அப்புறம் வருகிற எந்தப் படகும் அங்கே நிற்காது. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீல நிற கேட் போட்ட ஒரு வீடு. மழை இன்னும் விடவில்லை. தகரக் கூரை மேல் விழுகிற சத்தம், பக்கத்தில் இன்ஜின் சத்தம். நான் கத்தினேன். “இல்ல” என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சண்ணாவும் சுற்றி வந்து கையை விரித்தார். துணியைக் கட்டினேன். போய்விட்டோம்.

மத்தியானம் தாண்டி மேட்டுச் சாலையில் கரை ஏறினோம். டீ வந்தது. ‘ஒந்து மாத்து’ என்றார் பசவராஜ் சார். என் முறை வந்தபோது வழக்கம்போல வடையைப் பற்றிச் சொல்லத்தான் வாய் திறந்தேன். ஏனோ வேறு வந்தது.

“சார், மஞ்சண்ணா குரலை நினைச்சுதான் சிரிப்பு வருது. நீல கேட் வீட்டுல ‘இல்ல’ன்னாரு பாருங்க, ஏதோ பொம்பள அழுவுற மாதிரி இருந்துச்சு. என்ன மஞ்சண்ணா, தண்ணியைப் பாத்து பயந்துட்டியா?”

எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சண்ணா சிரிக்கவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு காற்றுப்போன சைக்கிள் டியூப் மாதிரி ஒரு சத்தத்தில் சொன்னார்: “எனக்கு வாய்ஸே இல்ல அருளு. எரடாவது, ரெண்டாவது தெருலயே போச்சு. அப்புறம் எந்த மனேலயும் நான் பேசவே இல்ல. கைதான் காட்டினேன்.”

நீல கேட் வீடு நாலாவது தெரு.

அப்படியானால் பேசியது யார்? வீட்டுக்குள் யாரும் இல்லை என்று வீட்டுக்குள் இருந்து யார் சொல்வார்கள்? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ‘இல்ல’ இல்லை. ‘இல்லி’. இங்கே என்று ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு சுழிதான் வித்தியாசம். அந்தச் சுழியை மழை தின்றுவிட்டது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று படித்தவர் படிக்காதவர் எல்லாரும் சொல்கிறோம். நான் தீர விசாரிக்கவில்லை. துணியைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். இனி எந்தப் படகும் அங்கே நிற்காது.

படகை நோக்கி ஓடினேன். பசவராஜ் சார் பிடித்து நிறுத்தினார். மேலே இருந்த இன்னொரு ஏரியின் நீரும் சேர்ந்துவிட்டதாம். தெரு முனையில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. ரப்பர் படகு போனால் காகிதக் கப்பல்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எனக்கு ஆழம் தெரிந்தும் காலை விட வேண்டும் போல இருந்தது. மற்ற குழுக்களுக்கு வயர்லெஸ்ஸில் சொன்னார். அவர்களாலும் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

நான் வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினேன். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டக்கூட விரல் நிற்கவில்லை. பல வருட சர்வீஸ். கரிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன், உடல்களைத் தூக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் நடுங்காத கை. சகோதரர்களே, அந்த இடத்தில் எனக்குக் கற்ற ஜெபம் ஒன்றும் வரவில்லை. அருள் நிறைந்த மரியே பாதியில் நின்றுவிட்டது. “ஆண்டவரே, அந்தக் குரலை இன்னொரு தடவை என் காதுல விழ வையும். ஒரே ஒரு தடவை. சரியா கேட்டுக்கிறேன்” என்று மட்டும் அழுதேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பசவராஜ் சார் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கிடந்த கயிற்றை எடுத்து என் மடியில் போட்டார்.

“சுத்து. ஒரு சுத்துக்கு ஒரு மூச்சு. இழு, சுத்து, விடு.”

“சார், ஒரு உயிரு சார்…”

“கொத்து. தெரியும். இந்தக் கை நடுங்கினா அந்த உசுருக்கு உபயோகம் இல்ல. நீ தப்பு கேட்டே. அதை வெளியே சொன்னே. சொன்னதுனாலதானே நமக்கு இப்ப தெரியுது? சொல்லலைன்னா? ம்? சுத்து.”

சுற்றினேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார். கயிறு முடியும்போது என் விரல்கள் நின்றிருந்தன. ‘சொன்னதுனாலதானே தெரியுது’ என்று அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. நான் கேலி செய்த அதே டீப் பழக்கத்தின் வழியாகத்தான் ஆண்டவர், நான் கேட்கும் முன்பே, பதிலைத் தொடங்கி வைத்திருந்தார். அந்த ஒரு பேச்சை நான் பேசாமல் வடை தின்றிருந்தால் அந்த வீட்டில் என்ன ஆகியிருக்கும்?

கயிற்றைக் கீழே வைத்தபோது மேட்டுச் சாலையில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. கட்டட வேலைக்கு ஜல்லி அடிக்கிற டிராக்டர். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. அதன் டிரைவர் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, “ஏன் சார், ஜன யாராதரூ உண்டா, இழுத்து விடணுமா?” என்றார். டிரெய்லர் நிறைய ஜல்லி. அந்த எடைக்குச் சுழல் ஒன்றும் செய்யாது. பசவராஜ் சார் என்னைப் பார்த்தார். “கை?” என்றார். நீட்டிக் காட்டினேன். “ஏறு” என்றார்.

ஜல்லி மேல் நானும் மஞ்சண்ணாவும் உட்கார்ந்து போனோம். நீல கேட்டில் நான் கட்டிய சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. கூப்பிட வாய் வரவில்லை. பதில் வராமல் போனால்? அந்தப் பயம். மஞ்சண்ணாவுக்கோ குரலே இல்லை. அவர் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினார். ஒரு தடவை. இரண்டு தடவை. உள்ளே இருந்து, டங்… டங்… டங்.

பாத்திரத்தில் கரண்டியால் தட்டுகிற சத்தம். பூசையில் மணி அடிப்பதைக் கூட அப்படி உடல் சிலிர்த்துக் கேட்டதில்லை.

கதவை உடைத்தோம். மிதந்து வந்த ஃபிரிட்ஜ் ஒன்று உள்ளே கதவுக்குக் குறுக்கே படுத்திருந்தது. அதைத் தள்ளிப் போனால், சமையல் மேடைமேல் குந்தியபடி ஓர் அம்மா. அறுபது வயதை நெருங்குவார். இடுப்புவரை தண்ணீர். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தூக்குச் சட்டி. எங்களைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. கம்பளியில் சுற்றி டிராக்டரில் ஏற்றி, ஆம்புலன்ஸில் சேர்த்தோம். பிழைத்தார். ஆண்டவருக்குத் தோத்திரம்.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல சாட்சிதான். கோயிலில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு முடியவில்லை. உயிர் கிடைத்தது. நான் ஜெபத்தில் கேட்ட குரல் கிடைக்கவில்லை. காதுக்குள் அந்த ‘இல்ல’ அப்படியே கிடந்தது. வீட்டில் ஸ்டெல்லா, “இன்னும் கொஞ்சம் சாம்பார்?” என்று கேட்டு, மகள், “இல்லம்மா, போதும்” என்பாள். நான் தட்டை விட்டு எழுந்துவிடுவேன். வேலைக்குப் போன இடத்தில், ஆள் இல்லை என்று தெரிந்த பிறகும் புகைக்குள் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் மஞ்சண்ணா என் பெல்ட்டைப் பிடித்து இழுத்து வந்தார். இரண்டு பேருக்கும் கொஞ்சம் சுட்டது. அன்று புரிந்தது, என்னால் இனி இவர்களுக்கும் ஆபத்து என்று. ஸ்டோருக்கு மாற்றிவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

பசவராஜ் சார் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அனுப்பவில்லை. ஒவ்வொரு டீயிலும் என் முறை வரும். ஒவ்வொரு தடவையும் நான் நீல கேட்டையே சொல்வேன். ஐந்து மாதம். ஒருவர்கூட, “போதும்ப்பா, எத்தனை தடவை?” என்று கேட்கவில்லை. டீயைக் கையில் பிடித்துக்கொண்டு, முதல் தடவை கேட்கிறவர்கள் போலக் கேட்டார்கள். அந்த ஆறின டீயின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. அப்படிப்பட்ட பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தவக்காலம் வந்தது. ஒரு வியாழக்கிழமை நவநாள் முடிந்து வெளியே வரும்போது ஸ்டெல்லாவிடம், “நான் கேட்டதை ஆண்டவர் குடுக்கலியே” என்றேன்.

“யாரு சொன்னா? பாதியை டிராக்டர்ல அனுப்பிட்டாரு. மீதி அந்தம்மா வீட்டுல இருக்கு. நீங்க போய் வாங்கினாத்தானே? ஜெபம் பண்ணிட்டு வீட்டுலயே உக்காந்திருந்தா, ஆண்டவர் என்ன கொரியர் ஆபீஸா வச்சிருக்காரு?”

இருபது வருடமாக அவளிடம் தோற்கிறேன், அன்றும் தோற்றேன். மஞ்சண்ணாவிடம் போனில் சொன்னேன். “ஹோகு அருளு. போய் கேளு” என்றார்.

அங்கே போவதற்குள் என் மனதில் இருப்பதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இப்போது நான் புதிதாகச் சேருகிற ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதலில் இன்ஜினை நிறுத்து, பிறகு கூப்பிடு, தெரிந்த எல்லா பாஷையிலும் கூப்பிடு, பதில் வந்தால் யார் குரல் என்று கேள் என்கிறேன். கரை ஏறியதும் ‘ஒந்து மாத்து’. அதைக் கேலி செய்கிறவனையும் எனக்குப் பிடிக்கும். அவனுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் அம்மா சொல்வார். பிழைப்பைப் பற்றிச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன். உயிர் பிழைப்பதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். என்னைப் போல மனதில் எதையாவது கட்டிவைத்துக்கொண்டு, அதன் மேல் ‘பார்த்து முடித்தாயிற்று’ என்று சிவப்புத் துணியும் கட்டியிருக்கிறவர்கள் நம்மில் உண்டு. ஆண்டவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் டீயோடு நிற்கிறவரிடமும் சொல்லுங்கள். துணி கட்டிய வீட்டையும் ஆண்டவர் தாண்டிப் போகமாட்டார். நம்பி வாருங்கள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து நேராகப் போனோம். நீல கேட்டுக்குப் புதுப் பெயின்ட். கதவைத் திறந்த அம்மாவிடம் கன்னடத்தில்தான் பேசினேன். அவரும் கன்னடத்தில்தான் உள்ளே வரச் சொன்னார். ஸ்டெல்லா பின்னால் இருந்து, “செருப்பை வெளிய விடுங்க, சேறு” என்றாள்.

“அட, தமிழாளுங்களா நீங்க!”

நாற்பது வருடமாக பெங்களூர்க்காரர். சரோஜா என்று பெயர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “ஊரெல்லாம் என் குரலைக் கேட்டு லைன் வாங்கினாங்க. என் பேச்சை ஒருத்தர் தப்பாக் கேட்டதில்ல” என்று பெருமையாகச் சொன்னார். அதற்கு மேல் தாங்காமல் சொல்லிவிட்டேன்.

“அம்மா, உங்க கேட்ல துணி கட்டினது நான்தான். நீங்க ‘இல்ல’ன்னு சொன்னதா நினைச்சுட்டேன்.”

ஜன்னலைக் காட்டினார். மல்லிக்கொடியைக் கம்பியோடு சேர்த்து அந்தச் சிவப்புத் துணியால் கட்டியிருந்தார். பிறகுதான், “கன்னடத்துல கேட்டது யாரு?” என்று ஆரம்பித்து, முதலில் நான் எழுதினேனே, அதைச் சொல்லிச் சிரித்தார்.

நான் தலை நிமிரவில்லை. “அந்தச் சத்தம் இன்னும் காதுல அப்படியேதாம்மா இருக்கு” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து என் கையில் இருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

“எந்திரி. வெளிய போ.”

ஸ்டெல்லா முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பேரையும் வாசலுக்குத் தள்ளிவிட்டு, கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. கேட் பக்கம் ஒரு ஆட்டோ போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்றேன். ஸ்டெல்லா என் முதுகில் கை வைத்தாள்.

“யாராதரூ இத்தீரா?” என்று கூப்பிட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து, தெளிவாக, ஒரு சுழி குறையாமல் வந்தது:

“இல்லி! இல்லி இத்தீனி… இங்கதாம்ப்பா இருக்கேன்!”

சொல்லிவிட்டு, சரோஜா அம்மா கதவைத் திறந்தார்.